ஹாண்டிலுக்கு வெட்டிய ஈர்க்கு

சின்னராசாவும் சிவனேஸ்வரியும் கலியாணம் முடித்து மூன்று வருடமாகியும் வீட்டுக்குள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சண்டை எதுவும் இல்லை. அக்கராயனில் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வீடு அது. ஓர் அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி. அறைக்குள் என்ன பேசினாலும் விறாந்தையில் படுத்திருக்கும் மாமி கமலாட்சிக்குக் கேட்கும். மாமிக்குக் காது மந்தம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கேட்க விரும்பியது எல்லாம் அவருக்குக் கேட்கும் என்பது மருமகளுக்குத் தெரியும்.

ஆகவே அவர்கள் சைக்கிளில் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கோயிலுக்குப் போகும்போது சிவனேஸ்வரி முன்பாரில் ஏறிக்கொள்வாள். அவன் இரண்டு கைகளுக்கும் நடுவில் அவளை வைத்துக்கொண்டு மிதிப்பான். குளக்கட்டில் ஏறியதும் கதை தொடங்கும். மாமியைப் பற்றி, வயலைப் பற்றி, அவளுடைய தங்கைக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றி. அவன் வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் இருப்பதால் மெதுவாகப் பேசினாலே போதும். கட்டு வளைகிற இடத்தில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். அந்த இடத்தில் அவள் தன் கையை ஹாண்டிலில் இருக்கும் அவன் கையின் மேல் வைப்பாள். அவன் பெருவிரலால் அவள் விரலைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்துவான். இதற்குப் பெரிய பெயர் வைக்க இருவருக்கும் கூச்சம்.

எண்பதாம் ஆண்டு பங்குனியில் இருந்து அவன் அழுத்துவதை நிறுத்திவிட்டான்.

அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அவள் வழமைபோலக் கையை வைத்தாள். அவன் கை மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. வைகாசியிலும் அப்படித்தான். ஆனியிலும் அப்படித்தான்.

கை மரக்கட்டையாகத்தான் இருந்தது. சின்னராசா மலேரியாக் கந்தோரில் வேலை. காய்ச்சல் கண்ட வீடுகளுக்குப் போய், விரலில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து வரவேண்டும். அக்கராயனில் தொடங்கினால், காட்டை வெட்டி மலைநாட்டுச் சனங்கள் குடியேறிய புதுக் குடியிருப்புகள் வரைக்கும் நாள் முழுக்கச் சைக்கிள்தான். கிரவல் றோட்டின் ஒவ்வொரு கல்லும் ஹாண்டில் வழியாக அவன் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. முதலில் சின்னவிரல் விறைத்தது. பிறகு அடுத்த விரல். பங்குனிக்குள் பத்து விரலிலும் உணர்ச்சி குறைந்துவிட்டது.

ஒரு நாள் வீரம்மா என்கிற பெண்ணின் சின்ன மகளுக்குக் குத்தினான். எவ்வளவு ஆழம் போகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. பிள்ளை வீரிட்டுக் கத்தியது. இரத்தம் துளியாக வராமல் ஒழுகியது.

"என்னாங்கய்யா, மாட்டுக்குக் குத்துற மாதிரிக் குத்துறீங்க?" என்றாள் வீரம்மா.

அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பஞ்சை வைத்து அழுத்தினான். அந்தப் பஞ்சும் அவன் கைக்குத் தெரியவில்லை.

இதை அவன் வீட்டில் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. விரல் மரத்துப்போனது என்றால் ஊரில் எல்லாரும் ஒரே ஒரு நோயைத்தான் நினைப்பார்கள். அவனும் அதைத்தான் நினைத்தான். யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் போய்க் கையை நீட்டினான். அவர் தோலைத் தடவிப் பார்த்தார், உள்ளங்கையைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் வாசலில் நின்ற சைக்கிளை எட்டிப் பார்த்தார்.

"இது தொழுநோய் இல்லை. உம்மட சைக்கிள் செய்த வேலை. நரம்பு ஒரே இடத்தில கிடந்து நசியுது. பிடியை மாத்தும், அல்லாட்டி வேலையை மாத்தும்."

வேலையை மாற்ற முடியாது. பிடியை மாற்றலாம் என்று அவன் கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் வீரபாகுவிடம் போனான். வீரபாகு ஒரு காலத்தில் சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் ஓடியவர். எத்தனையாவதாக வந்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டார். மற்ற எதைக் கேட்டாலும் கேட்டதற்கு மேலேயே சொல்வார்.

"றேசிங் ஹாண்டில் போடும்" என்றார் அவர்.

"கிடாய்க்கொம்பு மாதிரி வளைஞ்சு கிடக்கே, அதோ? எனக்கு ஓட்டப் போட்டியே அண்ணை?"

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறியள். அந்த ஹாண்டில் எண்டால் குனிஞ்சுதான் ஓடவேணுமோ? உமக்கு ஆர் குனியச் சொன்னது? மேல் கம்பியில பிடிச்சால் கதிரையில இருக்கிற மாதிரி நிமிர்ந்து இருக்கலாம். அது அலுத்தால் பிறேக்குக்கு மேல பிடியும். எதிர்க்காத்து அடிச்சால் கீழ பிடியும். இப்ப உமக்குக் கை வைக்கிறதுக்கு ஒரேயொரு இடம். அங்க நாலைஞ்சு இடம். இடத்தை மாத்தி மாத்திப் பிடிச்சால் கை ஏன் விறைக்கப்போகுது?"

அவர் அதோடு நிற்கவில்லை. பழைய ஹாண்டிலில் கழுத்தும் கம்பியும் ஒன்றாய் ஒட்டிக் கிடக்கிறது, இதில் கழுத்தைத் தனியாகத் தெரிந்து எடுக்கவேண்டும் என்றார். ஸ்டெம் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அது நீண்டுபோனால் முதுகும் தோளும் இழுபடும், கட்டையாகிப்போனால் முழங்கால் போய் இடிக்கும். ஹாண்டில், ஆள் இருக்கும் சீற்றுக்குச் சமமான உயரத்தில் நிற்கவேண்டும். அகலம் தோளுக்கு மிஞ்சக்கூடாது. கம்பி பிறேக்கைக் கழற்றிவிட்டு வயர் பிறேக் போடவேண்டும், அதைத் தானே செய்து தருவதாகச் சொன்னார்.

பிறகு சைக்கிளைச் சுவரோடு சாத்தி அவனை ஏற்றி இருத்தினார்.

"கண்ணை மூடும். கையை எட்டி நீட்டாதையும். முழங்கையைக் கொஞ்சம் மடக்கிச் சும்மா முன்னால விடும். விழுகிற இடத்தில விழட்டும்."

கை விழுந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். மூலையில் கிடந்த பழைய விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி, கழுத்து நிற்கப்போகும் இடத்தில் இருந்து அவன் கை நின்ற இடம் வரைக்கும் பிடித்து, இரண்டு பக்கமும் நேராக வெட்டினார். ஒரு சாணை விடக் கொஞ்சம் கூட.

"யாழ்ப்பாணத்துப் பெரிய சைக்கிள் கடையில இதைக் காட்டும். ஸ்டெம்மும் ஹாண்டிலின்ர வளைவும் சேர்ந்து இந்த அளவுக்கு வரவேணும். நூல் பிசகினாலும் வாங்காதையும்." அவர் ஈர்க்கைக் கொடுக்கும்போது ஞாபகம் வந்தவர் போலக் கேட்டார். "முன்னால ஆரையும் ஏத்திறனீரோ?"

"மனிசியை."

"இனி ஏலாது. கை கிட்ட வந்திடும், இடையில இடமில்லை. பின்னால கரியலில இருக்கச் சொல்லும்."

அவர் சொல்லிவிட்டு அடுத்த சைக்கிளைப் பார்க்கப் போய்விட்டார். சின்னராசா ஈர்க்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் அதை யோசித்துக்கொண்டு வந்தான். கலியாணம் முடித்த புதிதில் பெண்கள் பாரில் இருப்பார்கள். பிள்ளை பிறந்ததும் மடியில் பிள்ளையோடு கரியலுக்குப் போவார்கள். மூன்று வருடமாய்ப் பிள்ளை இல்லாத ஒருத்தி கரியலில் ஏறினால், அடுத்த நாளே ஊர் வந்து எத்தனை மாதம் என்று கேட்கும். அவள் என்ன பதில் சொல்வாள்? குளக்கட்டில் அவன் முதுகோடு எப்படிக் கதைப்பாள்? அவளும் முன்புபோலக் கையின் மேல் கை வைப்பதில்லை என்பது அவனுக்கு ஏற்கெனவே மனக்குறை. வாங்கிச் சைக்கிளில் பூட்டியபின் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். ஆண்கள் வழக்கமாகச் செய்கிற முடிவுதான் அது.

வெள்ளிக்கிழமை சிவனேஸ்வரி சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பைக்குள் ஈர்க்கு இருந்தது.

பட்டணத்துக்குப் போகிறவரிடம் செருப்பு வாங்கச் சொல்வதென்றால், பாதத்தின் அளவுக்கு ஈர்க்கு வெட்டிக் கொடுத்துவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நீளமான, இரண்டு பக்கமும் நேராக வெட்டிய ஓர் ஈர்க்கைக் கண்டால் யாரும் வேறு எதையும் நினைக்கமாட்டார்கள். சிவனேஸ்வரியும் செருப்பைத்தான் நினைத்தாள். அவளுடைய செருப்பு வார் அறுந்து, ஊசி குத்திப் பாவிக்கிற செருப்பு. நாளைக்கு அவன் யாழ்ப்பாணம் போகிறான். கந்தோர் வேலை என்று சொன்னான். கள்ளன், சொல்லாமல் வாங்கி வரப்போகிறான் என்று நினைத்து அவளுக்கு முகம் எல்லாம் சிரிப்பு. நித்திரையில் அளவு எடுத்தானாக்கும். கிணற்றடிக் கல்லில் பாதத்தை வைத்து ஈர்க்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஒரு விரல் அகலம் குறைந்தது.

மறுபடி குதியில் இருந்து வைத்துப் பார்த்தாள். மற்றக் காலுக்கும் வைத்துப் பார்த்தாள். இது அவளுடைய பாதம் இல்லை. மாமியின் பாதம் இதைவிடப் பெரிது. இது சின்னப் பாதம், யாரோ ஒருத்தியின் பாதம்.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. பங்குனியில் இருந்து செத்துக் கிடக்கும் கை. குளக்கட்டில் குறைந்துபோன கதை. ஒரு நாளைக்கு எத்தனை பெண்கள் அவன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு இருக்கிறார்கள்! ஒவ்வொருத்தியின் விரலையும் பிடித்துத்தானே குத்தவேண்டும்? அவள் கிணற்றுக் கட்டில் இருந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவினாள். அழுதுகொண்டே இருக்கிற சாதி இல்லை அவள்.

குசினிக்குப் போய் அந்த ஈர்க்கை அடுப்பில் வைத்தாள். விளக்குமாறு கட்டச் சீவி வைத்திருந்த பச்சை ஈர்க்கில் ஒன்றை எடுத்துத் தன் பாதத்துக்கு அளந்து கத்தியால் வெட்டினாள். அதைக் கொண்டுபோய், அவன் நாளைக்குப் போடவிருந்த சட்டையின் பையில் வைத்தாள். செருப்பு இந்த அளவுக்கே வரட்டும். எவளுடைய காலில் போட்டாலும் கழன்று விழட்டும்.

சனிக்கிழமை அவன் ஆனையிறவு தாண்டும்வரை பஸ் காற்றுக்குப் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டே போனான். கடைக்காரர் பல ஸ்டெம்களையும் வளைவு கூடினது, குறைந்தது என்று மூன்று ஹாண்டில்களையும் எடுத்து வைத்தார். வளைவு குறைந்த ஹாண்டிலையும் ஒரு நீளமான ஸ்டெம்மையும் ஈர்க்கோடு வைத்துப் பார்த்தார்.

"அளவு இதுதான். ஆனா உங்கட கைக்கு நீளம் போல கிடக்கு. ஆர் அளந்தது?"

சின்னராசா கண்ணை மூடி, வீரபாகு சொன்னபடி கையை விட்டுப் பார்த்தான். கை அந்த இடத்துக்கு எட்டவில்லை. ஈர்க்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். வீரபாகு தந்தது காய்ந்து கறுத்த பழைய ஈர்க்கு. இது பச்சை. வெட்டும் சரிவாக இருந்தது. இப்படிச் சரித்து வெட்டுகிறவள் வீட்டில் ஒருத்திதான். முருங்கைக்காயையும் அப்படித்தான் வெட்டுவாள். ஏன் மாற்றினாள் என்று விளங்காமல் கடை வாசலுக்கு வந்து நின்றான். எதிரே செருப்புக் கடை. ஒரு கிழவர் மடியில் இருந்து ஓர் ஈர்க்கை எடுத்துக் கடைக்காரப் பொடியனிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

சின்னராசா கிழவரின் ஈர்க்கையும் தன் கையில் இருந்த ஈர்க்கையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் எதை நினைத்திருப்பாள் என்பது மெல்ல மெல்ல விளங்க, அவனுக்கு உடம்பு கூசியது. ஸ்டெம்மை அடுத்த முறை எடுப்பதாகச் சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போனான்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை அவளிடம் கொடுத்தான். மாமி கோயிலுக்குப் போயிருந்தார். சிவனேஸ்வரி பேப்பரைப் பிரித்துச் செருப்பை நிலத்தில் போட்டுக் காலை வைத்தாள். அளவாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"இது நான் வெட்டின ஈர்க்கு. நீங்கள் வெட்டினது எவளின்ர காலுக்கு?"

"அது கால் இல்லையப்பா. ஹாண்டில்."

அவன் கையின் விறைப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னான். வீரபாகு கண்ணை மூடச் சொன்னதை, றேசிங் ஹாண்டிலை, ஸ்டெம்மை. கடைசியாக, இனிப் பாரில் இடம் இருக்காது என்பதை. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். வேறொருத்தி என்றால் அவளோடு சண்டை பிடிக்கலாம். ஒரு ஹாண்டிலோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

"இருக்கிற ஹாண்டிலுக்கு என்ன குறை? ஊரில எல்லாரும் இதில தானே ஓடுகினம்?"

பதிலுக்கு அவன் மருந்துப் பெட்டியைத் திறந்து ஓர் ஊசியை எடுத்து அவளிடம் கொடுத்தான். கையை நீட்டிக் கண்ணை மூடினான்.

"சின்னவிரலில குத்தும். குத்தினவுடன சொல்லுறன்."

அவள் மெல்லக் குத்தினாள். அவன் பேசாமல் இருந்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"பயப்படாமல் குத்துமன்" என்றான் அவன்.

விரல் நுனியில் இரத்தம் துளியாக நின்றது. அவள் ஊசியைக் கீழே போட்டுவிட்டு, தன் சீலைத் தலைப்பால் அந்த விரலைச் சுற்றிப் பிடித்தாள். அதையும் அவன் உணரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

"எப்ப இருந்து?"

"பங்குனி."

"அப்ப, குளக்கட்டில நான் கையை வைக்கிறது?"

"வைக்கிறனீரே? இப்பவுமோ?" அவன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். "உம்மட தலை மறைக்கும், எனக்குத் தெரியாது. நீர் விட்டிட்டீர் எண்டெல்லோ நினைச்சனான்."

சிவனேஸ்வரி விரலைப் பிடித்தபடியே அழுதாள். கிணற்றடியில் அழுததைவிட இது நன்றாக இருந்தது. கோயிலால் வந்த மாமி வாசல் படலையில் நின்று, என்ன நடந்தது என்று கேட்டார். செருப்புக் கடிக்கிறது என்று சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அவளும் புதுச் செருப்போடு யாழ்ப்பாணம் போனாள். வீரபாகுவிடம் போகவில்லை. அவளே சைக்கிளைச் சுவரில் சாத்தி, அவனைக் கண்ணை மூடச் சொல்லி, புதிதாக ஓர் ஈர்க்கு வெட்டியிருந்தாள். கடைக்காரர் இம்முறை இரண்டு ஸ்டெம்களைக் கண்ணாடி அலுமாரியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"கட்டை ஸ்டெம் இவரின்ர கைக்குச் சரி. ஆனா நீங்கள் பாரில இருக்கிறனீங்கள் எண்டால் நீளம்தான் வசதி. கை முன்னுக்குப் போகும், உங்களுக்கு இடம் வரும். இவர் கொஞ்சம் எட்டிப் பிடிக்கவேணும், அவ்வளவுதான்."

"நீளத்தையே எடுப்பம்" என்றான் சின்னராசா. "எனக்குப் பழகிவிடும்."

சிவனேஸ்வரி நீளமானதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பளபளவென்று வடிவாக இருந்தது. அதற்கும் ஈர்க்குக்கும் இடையில் ஒரு விரல் அகலம்தான். அந்த ஒரு விரலுக்குள் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இருந்தன. அதை வைத்துக்கொண்டு அவள் கன நேரம் நின்றாள். கடைக்காரர் வேறு ஆட்களைக் கவனிக்கப் போய்த் திரும்பி வந்தார்.

"கட்டையைத் தாங்கோ" என்றாள்.

"இஞ்சாரும், யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். உங்களுக்கு எட்டிப் பிடிச்சு முதுகும் போனால் ஆர் பாக்கிறது?"

வீரபாகு அதைப் பூட்டினார். நூல் பிசகாத அளவு, தான் எடுத்த அளவு என்று ஒரு கிழமை எல்லாருக்கும் சொன்னார். யாரும் திருத்தப் போகவில்லை. சின்னராசா முதல் நாள் தடுமாறினான், மூன்றாம் நாள் பழகிவிட்டான். ஊர் எதிர்பார்த்ததைச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை மருந்துப் பெட்டியைக் கழற்றிவிட்டு அவள் கரியலில் ஏறியதைக் கண்ட பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா வேலிக்கு வந்து, எத்தனை மாதம் பிள்ளை என்று கேட்டாள்.

"ஹாண்டில்தான் மாத்தினது அக்கா, வேறொண்டும் இல்லை" என்றாள் சிவனேஸ்வரி. சொல்லும்போது வலித்தது. சொல்லி முடித்ததும் அவ்வளவு வலிக்கவில்லை.

கரியலில் இருந்து கதைப்பதும் சிரமம்தான். காற்று அவன் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு பேரும் கத்தவேண்டும். குளக்கட்டில் மாடு மேய்க்கிறவர்களுக்கு அவளுடைய தங்கையின் சம்பந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமியைப் பற்றிய கதையை அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

ஆவணி முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டு வளைகிற இடம் வந்தது. சின்னராசா ஹாண்டிலின் மேல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையைப் பின்னால் நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிடிப்பதற்குப் பதிலாகச் சின்னவிரலை நகத்தால் நன்றாகக் கிள்ளினாள்.

"ஆ! நோகுதப்பா!"

சைக்கிள் ஓர் ஆட்டம் ஆடி நேரானது.

"நோகுதோ?"

"நோகுது எண்டுறன், விசரியே!"

"இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றாள் சிவனேஸ்வரி. அவன் அவள் விரலைப் பிடித்து அழுத்தினான்.